நீல விளக்கை நம்பி ஏமாந்த கதை

மூன்றாவது வாரம். தண்ணீரில் பாசி எவ்வளவு என்று காட்ட நானே செய்யும் பாசி மீட்டர் இப்போதுதான் கொஞ்சம் வழிக்கு வந்திருக்கிறது.

முதலில் செய்தது இது: உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்த டிஃபன் டப்பா, நடுவில் கண்ணாடிக் குப்பி, ஒரு பக்கம் 470 நானோமீட்டர் நீல எல்இடி, அதற்குச் செங்கோணத்தில், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் ஏஎஸ்7341 சென்சார். பச்சையம் நீல ஒளியை வாங்கி 680 பக்கத்தில் சிவப்பாக மினுங்கும். சென்சாரிலும் 680க்கு ஒரு சேனல் உண்டு. கணக்கு சரிதானே?

மாடித் தொட்டியின் பச்சைத் தண்ணீரை வைத்ததும் எண் எகிறியது. அப்புறம் ஊர்க் குளம். கரையோரம் பச்சைப் பெயின்ட் கொட்டினாற்போல் ஆடை, நாற்றம் வேறு. ஆனால் எண் தொட்டித் தண்ணீரில் பாதிகூட வரவில்லை. சால்டரிங் விட்டுப்போச்சோ என்று இரண்டு நாள் ஒயரை நோண்டினேன்.

ஒயரில் குற்றமில்லை. பாட்டிலில் மிச்சம் வைத்திருந்த குளத்துத் தண்ணீரில் பச்சை முழுக்க மறுநாள் காலை மேலே மிதந்தது. நீலப்பச்சைப் பாசி! அதன் பச்சையத்தில் பெரும்பகுதி மினுங்காத இடத்தில் இருக்கிறது. நீல ஒளிக்கு அது அவ்வளவாக அசைந்து கொடுக்காது. அதைப் பிடிக்க பைகோசயனின் என்ற நிறமியைத் தேட வேண்டும். அது 620 பக்கத்து ஆரஞ்சை வாங்கி 650 பக்கத்தில் விடும். நச்சு உண்டாக்கும் மைக்ரோசிஸ்டிஸ் இந்தக் கூட்டம்தான். ஆபத்தானதைக் குறைத்துக் காட்டும் மீட்டரை வைத்து என்ன செய்வது?

605 எல்இடி மாற்றி, சென்சார் முன் அடர்சிவப்பு ஃபில்டர் தாள் ஒட்டினேன். தாள் கொஞ்சம் ஆரஞ்சைக் கசியவிடுகிறது. நல்ல தண்ணீருக்கு வரும் எண்ணைக் கழித்துக்கொள்கிறேன்.

சோதிக்க சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை; அதுவும் நீலப்பச்சைப் பாசிதான். பொடித்துத் தண்ணீரில் போட்டு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால், காலையில் மேலே தெளிவது நல்ல நீலம். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் சிவப்பாக மினுங்குகிறது. வீட்டில் இந்தச் செலவை ஒத்துக்கொண்டது அதைப் பார்த்த பிறகுதான். பாதி பாதியாகத் தண்ணீர் கலந்தால் எண்ணும் பாதி பாதியாக இறங்க வேண்டும். கெட்டியான முதல் இரண்டில் இறங்கவில்லை. கரைசல் தன் ஒளியைத் தானே விழுங்கிவிடுகிறது. அதனால் குளத்து ஆடையையும் பத்து மடங்கு நீர்க்கச் செய்தே அளக்கிறேன்.

ஞாயிறு காலை குளத்தில் பார்த்தேன். காற்று தள்ளிய கரையில் எண் உச்சம், எதிர்க் கரையில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒரே குளம்தான்! இனி நான்கு கரையிலும் எடுக்க வேண்டும். இன்னொன்று, இது நிறமியை மட்டுமே அளக்கும், நச்சை அல்ல. மைக்ரோசிஸ்டிஸ் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் நச்சுகளுக்கு, வாழ்நாள் முழுதும் குடிக்கும் நீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்த தற்காலிக வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அதை இந்த டப்பாவிடம் கேட்க முடியாது. கையுறை போட்டுத்தான் தண்ணீர் மொள்கிறேன்.

மூடியின் இடுக்கில் வெயில் புகுகிறது. அடுத்த வாரம் கறுப்பு ஸ்பான்ஜ் ஒட்ட வேண்டும்.