ஜூலை 1-ஐக் கவனிக்காமல் விட்டேன்

"எழுதி வச்சுக்கோ, 2026 மிலானோ ஒலிம்பிக் தங்கம் இந்தப் பொண்ணுக்குத்தான்" என்று அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கூடவே ஜப்பானின் மாவோ ஷிமாடா டிரிபிள் ஆக்சல், அதாவது காற்றில் மூன்றரைச் சுற்றுத் தாவல், போடும் வீடியோ ஒன்று. அக்கா ஃபிகர் ஸ்கேட்டிங் பார்ப்பவள் இல்லை. ஆனால் என் ஜோசியத்தை மட்டும் ஸ்டார் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. 2023, 2024, 2025 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஜூனியர் உலக சாம்பியன். சீனியர்களே தயங்கும் நாலு சுற்றுத் தாவலான குவாட் டோ லூப்பை ஜூனியரிலேயே போட்டவர். பிறந்தது 2008 அக்டோபர் 30. பிப்ரவரியில் ஒலிம்பிக் நடக்கும்போது 17 முடிந்திருக்கும். சீனியருக்கு வேண்டியதும் 17. அப்புறம் என்ன?

பிறகு ஒருநாள் அக்காவிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. கீழே ஒரே வரி: "உன் தங்கப் பொண்ணு லிஸ்ட்லயே இல்லையாமே?"

போட்டி நாளில் என்ன வயது என்பதைப் பற்றி விதிக்குக் கவலையே இல்லை. சீசன் தொடங்கும் ஜூலை 1-க்கு முன்பே அந்த வயது முடிந்திருக்க வேண்டும். 2025 ஜூலை 1 அன்று ஷிமாடாவுக்கு 16. நாலு மாதம் குறைகிறது, அவ்வளவுதான், கதவு மூடியாயிற்று. முன்பெல்லாம் 15 போதும். 2022 ஜூனில் புக்கெட்டில் கூடிய சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் அதை இரண்டு படியாக ஏற்றியது: 2023-24 சீசனில் 16, 2024-25 முதல் 17. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 15 வயது ரஷ்ய வீராங்கனை வாலியேவாவின் ஊக்கமருந்து விவகாரம் வெடித்து நாலே மாதம் ஆகியிருந்த நேரம் அது. இந்தச் செய்தியை அப்போதே படித்திருக்கிறேன், தலையை ஆட்டியிருக்கிறேன். ஷிமாடாவோடு சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஷிமாடாவுக்கு மாவோ என்று பெயர் வைத்ததே ஜப்பானிய நட்சத்திரம் மாவோ அசாடாவின் நினைவாகத்தான். அந்த அசாடா 2005 டிசம்பரில், முன்னணி ஆட்டக்காரர்கள் மட்டும் மோதும் கிராண்ட் பிரீ ஃபைனலை ஜெயித்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து நடந்த டூரின் ஒலிம்பிக்குக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தவர். அப்போது வேண்டியது 15. அவருக்கு 87 நாள் குறைந்தது. பெயரோடு சேர்த்து இதையும் வாங்கிக்கொண்டாற்போல ஆகிவிட்டது.

அதனால் முதல் எச்சரிக்கை: யாராவது ஜூனியரைப் பார்த்து மயங்கினால், அடுத்த வேலையாகப் பிறந்த தேதியைப் பாருங்கள். பிறந்த வருடத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

சரி, இந்தக் கதையில் நான் மூக்குடைபட்டது இது ஒரு இடத்தில் மட்டும் இல்லை. 2025 மார்ச்சில் பாஸ்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பை முழுசாகப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஒலிம்பிக்கில் எந்த நாட்டுக்கு எத்தனை இடம் என்பது பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகும். ஒரு கட்டணச் சேவை "முழு நேரலை" என்று விளம்பரம் செய்திருந்தது, பணத்தைக் கட்டினேன். கட்டிய பிறகுதான் தெரிந்தது, அவர்கள் அகராதியில் முழு என்றால் இரண்டாவது சுற்றான ஃப்ரீ ஸ்கேட்டின் கடைசி இரண்டு குரூப். வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்கிறார்கள். நான் கருத்து சொல்லவில்லை ஐயா, பணத்தைத் திருப்பிக் கேட்டேன்.

வேறு வழியில் நேரலை கிடைத்தது. ஆனால் ஜனவரியில் விச்சிட்டாவில் நடந்த அமெரிக்க நேஷனல்ஸுக்கு நேரம் கணக்குப் போட்டு எழுதி வைத்திருந்தேன், அதே காகிதத்தை வைத்துக்கொண்டு அலாரம் வைத்தேன். விச்சிட்டாவும் பாஸ்டனும் ஒரே நேர மண்டலம் இல்லை. போதாக்குறைக்கு மார்ச்சில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். ஆக மொத்தம் இரண்டு மணி நேரம் தாமதம். போனால் போகிறது, பிரபலங்கள் கடைசியில்தானே வருவார்கள் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு வேண்டியது அந்த முதல் குரூப்தான். முதல் சுற்றான ஷார்ட் புரோகிராமில் தரவரிசையில் கீழே இருப்பவர்கள் முதலில் இறங்குவார்கள். முப்பதுக்கு மேற்பட்டவர்களில் 24 பேர்தான் ஃப்ரீ ஸ்கேட்டுக்குப் போவார்கள். அந்த 24-வது இடத்துக்கு நடக்கும் அடிதடியில்தான் ஒலிம்பிக் இடங்களும் தொங்கிக்கொண்டிருக்கும். நான் வந்து உட்கார்ந்தபோது அவர்களெல்லாம் ஆடி முடித்து, மார்க் பார்த்து அழுதும் முடித்திருந்தார்கள்.

பெண்கள் பிரிவில் அலிசா லியு ஜெயித்தார். 16 வயதில் ஓய்வு என்று போனவர், திரும்பி வந்து உலக சாம்பியன். அதைக் கொண்டாடாமல் நான் நோட்டும் பேனாவுமாக இடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணியதும் தப்பு.

உலக சாம்பியன்ஷிப் கணக்கு எளிதாகத்தான் தெரியும். ஒரு நாட்டின் சிறந்த இருவர் எத்தனையாவதாக வந்தார்கள் என்பதைக் கூட்டு. கூட்டல் 13-க்குள் வந்தால் மூன்று இடம், அதாவது மூன்று பேரை அனுப்பலாம், 28-க்குள் வந்தால் இரண்டு. ஒருவர்தான் போனார் என்றால் முதல் இரண்டுக்குள் வந்தால் மூன்று, பத்துக்குள் வந்தால் இரண்டு. நானும் கூட்டினேன். 10-வது, 20-வது என்றால் 30, ஆகவே ஒரே இடம் என்று எழுதினேன். தப்பு. ஃப்ரீ ஸ்கேட் வரை வந்தவர் 16-க்குக் கீழே எந்த இடத்தில் முடித்தாலும் அவர் கணக்கு 16-தான். ஃப்ரீ ஸ்கேட்டுக்கே வராதவருக்கு 18. ஆக அது 26, இரண்டு இடம். அந்த இரண்டாமவர் ஷார்ட் புரோகிராமோடு வெளியேறியிருந்தாலும் 10-ம் 18-ம் 28, அப்போதும் தப்பித்துவிடும். ஆனால் முதலாமவர் ஒரே ஒரு இடம் சறுக்கி 11-க்கு வந்தால் 29, போச்சு. இதைப் புரிந்துகொண்ட பிறகு 10-வது இடத்துக்கும் 11-வது இடத்துக்கும் நடுவில் இருக்கும் கோட்டைத்தான் பார்க்கிறேன், மேடையைப் பார்ப்பதில்லை.

ஒலிம்பிக் என்று வந்தால் இன்னொரு முடிச்சு. கூட்டல் மட்டும் போதாது. மூன்று இடம் வேண்டுமென்றால் மூன்று பேரும் ஃப்ரீ ஸ்கேட்டுக்குள் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்ச இடத்தை 2025 செப்டம்பரில் பெய்ஜிங்கில் நடக்கவிருந்த தகுதிப் போட்டியில் வேறொருவர் போய்ச் சம்பாதிக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைத் தேடிப்பிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

உலக சாம்பியன்ஷிப்பில் ஆடக் கேட்கும் குறைந்தபட்ச மார்க் விஷயத்திலும் அடி வாங்கினேன். ஒரு சின்ன நாட்டு வீராங்கனையை ரொம்ப நாளாகத் தொடர்கிறேன். அவருடைய மொத்த மார்க் தாராளமாக இருக்கிறதே, உலக சாம்பியன்ஷிப் உறுதி என்று நினைத்தேன். அவர்கள் கேட்பது மொத்த மார்க்கை இல்லை. தாவல், சுழற்சி, அடிவரிசை ஆகியவற்றுக்கு வரும் தொழில்நுட்ப மார்க்கை மட்டும். ஷார்ட், ஃப்ரீ இரண்டிலும் தனித்தனியாக வேண்டும். நல்லவேளை, இரண்டையும் ஒரே போட்டியில் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் சொந்த நாட்டு நேஷனல்ஸில் எடுத்தது செல்லாது. மார்க் விவரம் இருக்கும் பிடிஎஃப்பைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அவருடைய லட்ஸ் தாவலுக்குப் பக்கத்தில் ஓர் அம்புமுனை, சுற்று முழுதாக முடியவில்லை என்று அர்த்தம். அந்தத் துளியூண்டு குறி தின்ற மார்க்தான் அவருக்குக் குறைந்தது. அழகாக ஆடியதற்குக் கொடுத்த மார்க் இங்கே உதவாது. முடிவு வந்தவுடன் மொத்த மார்க்கைப் பார்த்துக் குதிக்காதீர்கள், பிடிஎஃப் வரும்வரை பொறுங்கள்.

எல்லாவற்றையும் விட மனசைப் பிசைவது பாஸ்போர்ட். உலக சாம்பியன்ஷிப்பில் ஜோடியில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் சமாளிக்கலாம். ஒலிம்பிக்கில் இருவருக்கும் குடியுரிமை வேண்டும். 2024-இல் மாண்ட்ரியலில் 40 வயதில் ஜோடிப் பிரிவில் உலக சாம்பியனான டியானா ஸ்டெல்லாட்டோ-டுடெக் அமெரிக்காவில் பிறந்தவர். கனடாவுக்காக ஆடி ஜெயித்த பிறகுதான், அந்த டிசம்பரில் அவருக்குக் கனடியக் குடியுரிமை வந்தது. லிதுவேனியாவுக்காக ஐஸ் டான்ஸ் ஆடிய அலிசன் ரீட் கதை இன்னும் மோசம். அவரும் சாலியஸ் அம்ப்ருலெவிசியஸும் நாட்டுக்கு ஒலிம்பிக் இடம் வாங்கிக் கொடுத்தார்கள். ரீடுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. இடம் நாட்டுக்குச் சொந்தமே தவிர வாங்கிக் கொடுத்தவருக்கு இல்லை என்பதால், 2022 பெய்ஜிங்குக்கு வேறொரு லிதுவேனிய ஜோடி போனது. இதை நான் அக்காவிடம் சொன்னபோது, "அது எப்படிடா?" என்று முதல் முறையாக இந்த விளையாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாள்.

வயது, மார்க், பாஸ்போர்ட் எல்லாம் சரியாக இருந்தும் சொந்த நாட்டுக் கமிட்டி கைவிடுவது தனி. 2022 அமெரிக்க நேஷனல்ஸில் இரண்டாவதாக வந்த இலியா மலினினை ஒலிம்பிக்குக்கு அனுப்பவில்லை, நான்காவதாக வந்த ஜேசன் பிரவுன் போனார். நேஷனல்ஸ் முடிவை வைத்து யாரிடமும் பந்தயம் கட்டாதீர்கள்.

இவ்வளவு பட்ட பிறகு பெய்ஜிங் தகுதிப் போட்டிக்கு ஒழுங்காகத் தயாரானேன். தனியாள் பிரிவில் மொத்தம் 29 இடம், பாஸ்டனில் 24 போக மிச்சம் 5. இந்த முறை நேரத்தை மூன்று தடவை சரிபார்த்து, போட்டி தொடங்குவதற்கு அரை மணி முன்னாடியே வந்து காலி ரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாட்டின் பெயர் இல்லாமல் நடுநிலை வீரர்களாக வந்த ரஷ்யர்கள் பெட்ரோசியானும் குமென்னிக்கும் அவரவர் பிரிவில் முதலிடம். நோட்டில் நான் எழுதிய நாடுகளை அதிகாரப்பூர்வப் பட்டியலோடு ஒப்பிட்டேன். பெண்கள் பிரிவில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

பட்டியலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "அந்த லிதுவேனியாப் பொண்ணுக்குப் பாஸ்போர்ட் வந்துச்சா?"

"வந்திருச்சுக்கா."