சிவப்பு டிக் போட்ட ஏழு பெயர்கள்

2020 அக்டோபர் முதல் வாரம் சென்னையிலிருந்து போன் வந்தது. எங்களுக்கு ஐந்து வருடமாக நிதி கொடுத்துவந்த பெரிய தொண்டு நிறுவனத்தின் கணக்காளர். "மேடம், இனிமே உங்களுக்கு ஒரு ரூபாகூட அனுப்ப முடியாது" என்றார். சொல்லும்போதே அவருக்குக் குரல் கம்மியது.

நாங்கள் சின்ன டிரஸ்ட். கிராமங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் பரிசோதனை கேம்ப் நடத்துகிறோம். வெளிநாட்டு நன்கொடையைச் சென்னை நிறுவனம் வாங்கி, அதில் ஒரு பங்கை எங்களுக்குத் தரும். செப்டம்பர் 21 மக்களவையிலும் 23 மாநிலங்களவையிலும் நிறைவேறிய எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) திருத்தம் அந்த வழியை அடைத்தது. இரண்டு பேரிடமும் அந்தச் சட்டப்படி பதிவு இருந்தாலும், ஒருவர் வாங்கிய பணத்தை இன்னொருவருக்குத் தரக்கூடாது. பணம் தவறான வழியில் போவதைத் தடுக்கத்தான் என்றது அரசு. கணக்குக் கேட்பதில் எனக்கு வருத்தமில்லை, எங்கள் பில் எல்லாம் ஃபைலில் இருக்கிறது. ஆனால் எங்கள் நர்ஸின் சம்பளமும் வேன் வாடகையும் அதோடு போனதே!

அதைவிட என்னை உறுத்தியது கேம்ப் நோட்டு. கொரோனாவுக்கு முந்தைய கடைசி கேம்பில் ஏழு பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு டிக். கருப்பை வாயில் அசெட்டிக் அமிலம் தோய்த்த பஞ்சை வைத்து ஒரு நிமிடம் பொறுத்தால், சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும். அப்படித் தெரிந்தவர்கள் இந்த ஏழு பேர். "ஏதோ இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பரிசோதனைக்குக் கூட்டிப்போகாமல் விடுவது, பார்க்காமலே இருப்பதைவிட மோசம். கையிலிருந்ததைப் போட்டு ஏழு பேரையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, நாங்கள் கொடுத்த சீட்டை மாதக்கணக்காக ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருந்தார்.

அப்புறம்தான் பேப்பர் வேலை. புது விதிப்படி வெளிநாட்டுப் பணம் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே ஒரு கிளைக்குத்தான் வரவேண்டும். டெல்லிக்குப் போகாமல் உள்ளூர்க் கிளை வழியாகவே கணக்கைத் திறந்துவிட்டோம். ஆனால் எங்களைப்போல் சிறியவர்களுக்கு நேரடியாகத் தர வெளிநாட்டில் யாரும் முன்வரவில்லை. மிச்சம் இருந்தது கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம், அதாவது சமூகப் பணிகளுக்காகக் கம்பெனிகள் ஒதுக்கும் பணம். 2021 ஏப்ரல் 1 முதல் அதை வாங்க டிரஸ்டுகள் சி.எஸ்.ஆர்-1 என்ற பதிவுப் படிவம் கொடுப்பது கட்டாயம். பான், 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள், டிஜிட்டல் கையெழுத்து, ஆடிட்டர் சான்று எல்லாம் தயாராக இருந்தால் அது பெரிய வேலையில்லை.

கஷ்டம் கம்பெனி மீட்டிங்கில் வந்தது. கேன்சர் கேம்புக்குப் பணம் உண்டு, ஆனால் எங்கள் கேம்பில் நடக்கும் கருத்தடை ஆலோசனையும், கருக்கலைப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு வழி சொல்வதும் வேண்டாம் என்றார்கள். "மேலிடத்துல யாராவது கேள்வி கேட்டா நாங்க பதில் சொல்லணும், மேடம்." கருக்கலைப்புக்கு 1971-லிருந்தே சட்டம் வழிவிடுகிறது. யாரும் கேள்வி கேட்கவும் இல்லை. கேட்டுவிடுவார்களோ என்ற பயமே போதுமாக இருந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் ஒப்பந்த வரைவை வரிவரியாகப் படித்தோம். 'டிரஸ்டின் பிற பணிகளுக்கும் இந்த நிபந்தனை பொருந்தும்' என்று ஒரு வரி இருந்தது. இந்தப் பணத்துக்கு நீங்கள் சொல்வது சரி, மற்றப் பணத்துக்கு எப்படி என்று எழுத்தில் கேட்டோம். மூன்று வாரம் இழுத்தார்கள். கடைசியில் அந்த வரியை எடுத்தார்கள், நாங்களும் கையெழுத்துப் போட்டோம். யாராவது இதே நிலையில் இருந்தால், முதலில் அந்த மாதிரி வரி இருக்கிறதா என்று தேடுங்கள். தொகை எழுதிய பக்கத்தில் அது இருக்காது.

2021 நவம்பரில் கேம்ப் மறுபடி தொடங்கியது. சூளை அக்கா நாத்தனாரையும் கூட்டிவந்தார். ஆலோசனை கேம்போடு சேராமல் வேறொரு நாளில், மகளிர் குழுக் கட்டடத்தில் நடக்கிறது. அதற்கு இன்றுவரை கம்பெனிப் பணம் கிடையாது. மாதம் 100 ரூபாய் தரும் உள்ளூர்க்காரர்கள் அறுபது பேர் இருக்கிறார்கள், அதில்தான் ஓடுகிறது.