கிராணி ஐயாவுக்கு வந்த ‘சான்று தேவை’

இரவு பதினொன்றரைக்கு, என் விக்கிப்பீடியா வகுப்புக்கு வரும் கிராணி (தோட்டக் கணக்கர்) ஐயாவிடமிருந்து வாட்சப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. “என்னம்மா இது, என்னைப் பொய்யன்னு எழுதி வச்சிருக்கான். நாப்பது வருசம் தோட்டத்துல கணக்கு எழுதின ஆளும்மா நான்.” குரல் நடுங்கியது. மனுசன் அழுதிருப்பார் என்றே நினைக்கிறேன்.

விக்கிப்பீடியாவைத் திறந்து பார்த்தேன். பொய்யன் என்று யாரும் எழுதவில்லை. அவர் எழுதிய வரியின் முடிவில், அடைப்புக்குள் சின்ன எழுத்தில் ‘சான்று தேவை’ என்று இருந்தது. மற்றவர்கள் அவருக்குச் செய்தி எழுதும் பேச்சுப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு. எல்லாப் புதுப்பயனருக்கும் ஒரே வாசகத்தில் போடும் அறிவிப்புதான். ஆனால் அவர் அதைத் தனக்கென்றே உட்கார்ந்து எழுதிய கடிதம்போல் படித்திருக்கிறார்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. 2007-ல்தான் அந்தப் பெயர் வந்தது. கடைத்தெருவில் இன்னமும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சனிக்கிழமை சாயங்காலங்களில் கோயில் மண்டபத்தில் நாலு பேருக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதப் பழக்கிக்கொண்டிருந்தேன். தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து நடக்கிறது. தமிழ்நாட்டுக்காரர்களும் இலங்கைக்காரர்களும் நிறைய எழுதிவிட்டார்கள். நம் தோட்டங்களைப் பற்றி நாமே எழுதாமல் வேறு யார் எழுதுவார் என்ற ஆதங்கத்தில்தான் ஆரம்பித்தேன்.

கணக்குத் திறப்பது, மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுவது, இணைப்புக் கொடுப்பது, படம் ஏற்றுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எழுதியதை ஒருவர் அழித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலில் சொல்லியிருக்க வேண்டியதே அதுதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

ஐயா எழுதியது தென்னமரம் தோட்டத்தைப் பற்றி. இந்த நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது அங்கேதான், 1917-ல். நடவைத்தவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இன்று நாடு முழுக்க நிற்கும் செம்பனைக்கு ஆரம்பம் எங்கள் ஊர்ப் பக்கம் என்பதில் ஐயாவுக்கு அளவில்லாத பெருமை. அதோடு நிறுத்தாமல், ‘அங்கே முதல் கன்றுகளை நட்டவர்கள் அனைவரும் தமிழர்களே, இதில் என் தாத்தாவும் ஒருவர்’ என்று சேர்த்திருந்தார்.

குரல்பதிவு வந்த அன்றிரவே ‘சான்று தேவை’ என்பதை அவர் நீக்கினார். எதிர்ப்பக்கத்துப் பயனர் திரும்பவும் போட்டார். ஐயா மறுபடி நீக்கினார். அந்தப் பயனர் இந்த முறை பத்தியையே எடுத்துவிட்டார். அப்போது நான் செய்தது பெரிய தவறு. ஐயாவின் வருத்தம் தாங்காமல் என் கணக்கில் நுழைந்து, ‘இது உண்மை, எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்’ என்று தொகுப்புச் சுருக்கத்தில் எழுதி, பத்தியைத் திரும்ப வைத்தேன். ஐயாவின் பேரன் அதே வீட்டு வைஃபையில் புதுக் கணக்குத் திறந்து தன் பங்குக்கு ஒரு முறை வைத்தான். ஒரு மணி நேரத்தில் மூன்று கணக்குகள், ஒரே பத்தி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே ஆள் மூன்று முகமூடி போட்டு வந்ததுபோல்தானே இருக்கும்? விக்கியில் அதைக் கைப்பாவைக் கணக்கு என்பார்கள். தெரிந்தவர்களைக் கூட்டி வந்து ஆள்பலம் காட்டுவதையும் கிட்டத்தட்ட அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். எச்சரிக்கை வந்தது. நியாயமான எச்சரிக்கை.

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு விதி உண்டு. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் மீளமைத்தால், அதாவது மற்றவர் மாற்றத்தை நீக்கிப் பழையபடி வைத்தால், கணக்கைத் தடை செய்யலாம். மூன்று வரைக்கும் அனுமதி என்று அதைப் படிக்கக் கூடாது. இரண்டாவது தடவை கை போகும்போதே நாம் பேசுவதை விட்டுவிட்டு இழுபறியில் இறங்கிவிட்டோம். என் வகுப்பில் இப்போது ஒரு தடவைதான் கணக்கு. நீ எழுதினாய், ஒருவர் எடுத்தார், சரி, அடுத்து போக வேண்டிய இடம் அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கம்.

அந்தச் சனிக்கிழமை ஐயா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. மண்டபத்தின் பின்பக்கத் திண்ணையில் இரண்டு தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பக்க வரலாற்றை அச்செடுத்து வைத்திருந்தேன். யார், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார் என்று வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். கணக்கெழுதிய கை அல்லவா, அந்த வேகம் எனக்கு வராது.

தோட்டத்தில் செக்ரோல் என்பது ஆள் வருகைப் பதிவேடு, பெரட்டு என்பது காலையில் ஆள் எண்ணும் கூட்டம். நான் கேட்டேன்: “ஐயா, செக்ரோல்ல ஒரு ஆள் பேருக்கு நேரா நீங்க கேள்விக்குறி போட்டா, அந்த ஆள் பொய்யன்னு அர்த்தமா?”

“சேச்சே. காலையில பெரட்டுக்கு வந்தானான்னு கங்காணிகிட்ட மறுபடி கேக்கணும்னு அர்த்தம்.”

“அந்த ஆளுக்கு அதனால சம்பளம் போயிருமா?”

“கேட்டுச் சரி பண்ணிட்டா எப்படிம்மா போவும்?”

“இதுவும் அந்தக் கேள்விக்குறிதான் ஐயா.”

ரொம்ப நேரம் பேசவில்லை. தே ஓ ஆறிப்போனது. அப்புறம் நோட்டைத் திறந்து, “சரி, என்ன எழுதணும் சொல்லு” என்றார்.

நான் சொல்லவில்லை. மனசில் இருப்பதை முதலில் நோட்டில் எழுதச் சொன்னேன். கணினியில் கைவைக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஒரு பக்கம் எழுதினார். ‘நீ பிறக்கும் முன்னே நான் தோட்டத்தில் வேலை செய்தவன்’ என்று ஆரம்பித்தது. எழுதி முடித்ததும், நீ, உன், உனக்கு என்று வருகிற இடங்களையெல்லாம் வட்டம் போடச் சொன்னேன். ஒன்பது வட்டம். வட்டம் ஒன்றுகூட இல்லாமல் அதே விஷயத்தைத் திரும்ப எழுத முடியுமா என்று கேட்டேன். ஆளைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், வாக்கியத்தைப் பற்றி மட்டும். மூன்றாவது முறையில் வந்தது இது:

‘வணக்கம். நீக்கப்பட்ட பத்தியில் 1917 என்ற ஆண்டுக்கு அச்சு நூல் சான்று தேடித் தருகிறேன். நட்டவர்கள் பற்றிய வரி என் குடும்பத்தில் வாய்வழியாக வந்தது. அதை எப்படிச் சேர்ப்பது முறை என்று தெரியவில்லை. வழிகாட்டினால் நன்றி.’

கடைசியில் நான்கு அலைக்குறி (~) போட்டால் பெயரும் நேரமும் தானாக வந்து நிற்கும் என்று காட்டினேன். எதிரில் இருப்பவரின் செய்திக்குக் கீழே, முக்காற்புள்ளி வைத்து ஒரு படி உள்ளே தள்ளி எழுதுவது எதற்கு என்றும் சொன்னேன். சின்ன விஷயம்தான். ஆனால் கையொப்பமில்லாமல் மற்றவர் பேச்சின் நடுவில் செருகி எழுதினால், பெயரில்லாத மொட்டைக்கடிதம் போட்டதுபோல்தான் வாசிப்பார்கள்.

நாற்பது நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. ‘ஐயா’ என்றே தொடங்கியிருந்தார் பத்தியை எடுத்த அந்தத் தமிழ்நாட்டுத் தம்பி. முழுப் பத்தியையும் எடுத்தது அவசரத்தில் நடந்தது, மன்னிக்கவும் என்றார். ஆண்டுக்கு நூல் சான்று கிடைத்தால் அவரே திரும்பச் சேர்ப்பதாகச் சொன்னார். குடும்ப நினைவை நேரடியாகக் கட்டுரையில் வைக்க முடியாததற்குக் காரணமும் எழுதினார். விக்கியில் நாம் கண்டதும் கேட்டதும் சான்றாகாது. வேறொருவர் ஏற்கெனவே வெளியிட்டதைத்தான் சுட்ட முடியும். ஐயாவின் தாத்தாவுக்கு மட்டுமில்லை, பிரதமருடைய தாத்தாவுக்கும் அதே விதிதான்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “பரவால்லம்மா, மரியாதை தெரிஞ்ச பிள்ளை” என்றார்.

கிராணி ஐயா கோபப்பட்டார், அதனால் எனக்குத் தெரியவந்தது. வகுப்பிலிருந்த, இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும் தங்கச்சி கோபப்படவே இல்லை. பேசாமல் நின்றுவிட்டாள். இரண்டு சனிக்கிழமை ஆளைக் காணோம். சோதனைக்குப் படிக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் அவள் பக்கத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துத் தோட்டக் கோயிலைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை நீக்கப்பட்டிருந்தது. கும்பாபிஷேக மலரில் இருந்ததை அப்படியே பார்த்துத் தட்டச்சு செய்திருக்கிறாள். அது பதிப்புரிமைச் சிக்கல், நீக்கியது சரிதான். ஆனால் மூன்று வாரம் கண் வலிக்கத் தட்டச்சு செய்த பிள்ளைக்கு வந்தது சிவப்புப் பெட்டிக்குள் ஓர் அறிவிப்பு மட்டும்.

சண்டை போடுகிறவரைவிட இப்படிச் சத்தமில்லாமல் போகிறவர்களைத்தான் நாம் அதிகம் இழக்கிறோம். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007-க்குப் பிறகு தொடர்ந்து எழுதுகிறவர்கள் குறைந்துபோனதை ஏரன் ஹாஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013-ல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் தொகுப்புகளும் சட்டென்று நிராகரிக்கப்பட்டதும், தானியங்கிக் கருவிகள் முகமில்லாமல் அந்த வேலையைச் செய்ததும் அவர்கள் சொன்ன முக்கியமான காரணங்கள். முன்பு படித்தபோது அது எனக்கு ஒரு தகவல். இந்தப் பிள்ளைக்குப் பிறகு அப்படி இல்லை.

அவள் வீட்டுக்கே போனேன். அவள் அம்மா பலகாரம் வைத்தார், அவள் தரையைப் பார்த்தபடி இருந்தாள். “நான் திருடிட்டேன்னு எல்லாரும் நெனைப்பாங்கல்ல டீச்சர்” என்றாள். திருட்டென்று யாரும் நினைக்கவில்லை, ஒவ்வொரு நாளும் யாராவது செய்கிற பிழைதான் அது என்று சொன்னேன். நம்பவில்லை. அன்றிரவு ஒத்தாசைப் பக்கத்தில் நடந்ததை எழுதினேன். யாரையும் குறை சொல்லவில்லை. இந்தப் பயனர் பள்ளி மாணவி, கோயிலைப் பற்றிச் சொந்த நடையில் திரும்ப எழுத விரும்புவார், யாராவது ஒரு வார்த்தை சொன்னால் உதவியாக இருக்கும் என்று மட்டும். நீக்கிய நிருவாகியே அவள் பேச்சுப் பக்கத்தில் எழுதினார். கோயில் குளத்துப் படியை அவள் வர்ணித்த இடம் நன்றாக இருந்தது என்றும், அது மலரில் இல்லாத வரியானால் அங்கிருந்தே தொடங்கலாம் என்றும் சொல்லியிருந்தார். உண்மையில் அந்த ஒரு வரி அவளுடையதுதான். அடுத்த சனிக்கிழமை எனக்கு முன்னால் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது லாரி ஓட்டும் அண்ணன். அவருக்கு வந்தது சொல் தகராறு. ‘செம்பனை’ என்று அவர் எழுதிய இடத்திலெல்லாம் யாரோ ‘எண்ணெய்ப்பனை’ என்று மாற்றிவிட்டார்கள். நம் தமிழை அழிக்கிறார்கள் என்று கொதித்துவிட்டார். ஒரு நாட்டுத் தமிழர் சொல் இன்னொரு நாட்டுக்காரருக்குப் புதிதாக இருக்கும், அவ்வளவுதான். முதல் வரியில் இரண்டு பெயரையும் போட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு வழிமாற்று வைத்ததும் முடிந்தது. அதுவல்ல பெரிய விஷயம். முடிவதற்கு முன்னால், அண்ணன் அந்தப் பயனரின் முகநூல் பக்கத்தைத் தேடிப் பிடித்துவிட்டார். எங்கே வேலை செய்கிறார் என்றுகூடத் தெரிந்துகொண்டு, “ஆபீசுக்கே எழுதிப் போடட்டுமா டீச்சர்?” என்று கேட்டார். முதுகு சில்லிட்டது.

அன்று எல்லாருக்கும் ஒரு மணி நேரம் இதை மட்டும்தான் பேசினேன். விக்கிமீடியா அறக்கட்டளையின் அறங்காவலர் குழு 2020 டிசம்பரில் உலகளாவிய நடத்தை நெறி ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒருவர் தானாக வெளியிடாத சொந்த விவரத்தை அவர் சம்மதமில்லாமல் பரப்புவதையும், விக்கித் தகராறை அவர் வேலையிடத்துக்குக் கொண்டுபோவதையும் அது தொந்தரவு என்றே சொல்கிறது. விதியை விடுங்கள் அண்ணே, உங்கள் முதலாளிக்கு யாராவது இப்படி எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டேன். கைபேசியை எடுத்து, வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டை என் முன்னாலேயே அழித்தார்.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு வரியை எழுதச் சொல்லி, நானே அதை நீக்குகிறேன். சொல்லிவிட்டுத்தான் நீக்குவேன், ஆனாலும் முகம் மாறும். அந்த முகத்தோடேயே பேச்சுப் பக்கத்தைத் திறந்து எனக்குக் கேள்வி எழுத வேண்டும். பதில் வராவிட்டால் இரண்டு நாள் பொறுப்பது, இரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் மூன்றாவது ஆளைக் கேட்பது, தான் சொன்னது தவறென்று தெரிந்தால் அதை அதே பக்கத்தில் ஒப்புக்கொள்வது எல்லாம் அதிலிருந்தே பழகிவிடுகிறது. குடும்பத்தில் இரண்டு பேர் ஒரே வீட்டிலிருந்து எழுதினால் அதைத் தங்கள் பயனர் பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொல்கிறேன். ஐயாவும் பேரனும் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

1917-க்கான நூல் சான்று கிடைத்து, அந்த வரி கட்டுரையில் இருக்கிறது. நட்டவர்களைப் பற்றிய வரி இன்னும் பேச்சுப் பக்கத்தில்தான் காத்திருக்கிறது. ஐயா அதை விடுவதாக இல்லை. பழைய தமிழ் முரசு இதழ்கள் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையக் காப்பகத்தில் இருக்கின்றன என்று அந்தத் தமிழ்நாட்டுத் தம்பிதான் சொன்னார். அது 1935-ல் தொடங்கிய பத்திரிகை, நட்ட காலத்துக்கு அது எட்டாது, ஆனால் பின்னால் யாராவது நினைவுகூர்ந்து எழுதியிருக்கலாம் என்று இருவரும் ஆளுக்குப் பாதி ஆண்டுகளைப் பிரித்துக்கொண்டு தேடுகிறார்கள். வருகிற பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகலாமா என்று ஐயா கேட்டார். தங்கச்சியும் வருகிறாளாம். லாரி அண்ணன் வேன் கேட்டிருக்கிறார்.