அட்டவணையைத் திறக்கும் முன் ஒரு எஃப்.ஐ.ஆரைப் படியுங்கள்

குற்றவியல் படிக்க வரும் பிள்ளைகள் பலர் கைரேகையையும் ரத்தக்கறையையும் மனதில் வைத்துக்கொண்டுதான் சேருகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித்துறை உண்டு. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் உண்டு. எங்கே படித்தாலும் ப்ராஜெக்ட் என்று வந்தால் முதலில் கைவைப்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில்தான். பாதி ப்ராஜெக்ட்டுகள் சறுக்குவதும் அங்கேதான். அதன் அட்டவணையில் இருக்கும் எண் எங்கே பிறந்தது என்று தெரியாமலே அதை வைத்துக் கூட்டிக் கழிக்கிறோம்.

அது பிறக்கும் இடம் போலீஸ் ஸ்டேஷன். ஆகவே முதலில் ஒரு எஃப்.ஐ.ஆரை எடுத்துப் படியுங்கள். மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண் தெரிந்தால் தமிழ்நாடு காவல்துறையின் தளத்திலேயே பார்க்கலாம். பாலியல் குற்றம், போக்சோ போன்றவை அங்கே இருக்காது, இருக்கவும் கூடாது. படிவத்தின் மூன்றாவது கட்டத்தில் சம்பவம் நடந்த நேரமும், தகவல் ஸ்டேஷனுக்கு வந்த நேரமும் தனித்தனியாக இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி அதிகமென்றால் உடனே எட்டாவது கட்டத்துக்குப் போங்கள்: தாமதத்துக்கான காரணம். ஐந்தாவதில், சம்பவ இடம் ஸ்டேஷனிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்று இருக்கும். கடைசிக் கட்டம், எஃப்.ஐ.ஆர். நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட தேதியும் நேரமும். வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த நேரங்களைத்தான். பத்து எஃப்.ஐ.ஆரில் இவற்றை மட்டும் தனித்தாளில் எழுதிப் பாருங்கள். பாடப்புத்தகம் ஒரு பருவம் முழுக்கச் சொல்லித்தருவதைவிட அதிகம் விளங்கும்.

இனி அது எண்ணாகும் விதம். ஒரு வீட்டில் புகுந்து நகையைத் திருடி, தடுத்தவரைக் கொன்றும் விட்டார்கள் என்று வையுங்கள். எஃப்.ஐ.ஆரில் மூன்று நான்கு பிரிவுகள் இருக்கும். தேசிய அட்டவணையில் அது ஒரே ஒரு கொலை. ஒரு எஃப்.ஐ.ஆரில் எத்தனை குற்றம் இருந்தாலும் கடுமையான ஒன்றை மட்டும் எண்ணுவது அவர்கள் வைத்திருக்கும் விதி. வீடு புகுந்து திருடும் கன்னக்களவின் எண்ணிக்கையை வைத்து ஆய்வு செய்கிறவர் இதைக் குறிப்பிடாவிட்டால் அந்த ஆய்வுக்கு அடித்தளமே இல்லை.

எஃப்.ஐ.ஆரே ஆகாதவை இன்னொரு பக்கம். புகார் கொடுக்கப் போனவருக்கு புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் சி.எஸ்.ஆரோடு முடிந்துபோகும் செல்போன் திருட்டு எந்த அட்டவணையிலும் ஏறாது. ஆகவே ஒரு மாநிலத்தில் வழக்கு எண்ணிக்கை கூடினால் குற்றம் கூடியது என்று எழுதிவிடாதீர்கள். போலீஸ் ஒழுங்காகப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கலாம். ஒழுங்காகப் பதிகிற மாநிலம் பட்டியலில் மேலே வந்து கெட்ட பெயர் வாங்குவது பெரிய அநியாயம்.

குற்ற விகிதம் லட்சம் பேருக்கு இத்தனை என்ற கணக்கு. 25 லட்சம் மக்கள், 5,000 வழக்கு என்றால் 200. மாநிலங்களுக்கு அந்தந்த ஆண்டின் உத்தேச மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். சென்னை, கோவை போன்ற பெருநகர அட்டவணைக்கோ 2011 கணக்கெடுப்பின் மக்கள்தொகை. நகரம் எவ்வளவோ பெருத்துவிட்டது, வகுக்கும் எண் மட்டும் அப்படியே நிற்கிறது. நகர விகிதத்தையும் மாநில விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்பாகத்தான் வரும்.

தண்டனை விகிதத்தில் குழப்பம் இன்னும் அதிகம். 1,000 வழக்கு பதிவாகி, அந்த ஆண்டில் நீதிமன்ற விசாரணை முடிந்தவை 120, அவற்றில் தண்டனை 60 என்று வைத்துக்கொள்வோம். அறிக்கை சொல்லும் விகிதம் 50 சதவீதம். வகுக்கும் இடத்தில் இருப்பது முடிந்த 120 மட்டுமே. அந்த 120-இலும் பெரும்பாலானவை முந்தைய ஆண்டுகளில் பதிவான வழக்குகளாக இருக்கும். 'குற்றம் செய்தவர்களில் பாதிப்பேர் தண்டிக்கப்படுகிறார்கள்' என்று அதிலிருந்து எழுதவே முடியாது. எந்தச் சதவீதத்தைக் கண்டாலும் கீழே எதை வைத்து வகுத்தார்கள் என்று அட்டவணையின் அடிக்குறிப்பில் தேடுங்கள்.

2024-ஐத் தொடும் ஆய்வென்றால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. 302 என்று நாம் சொல்லிப் பழகிய கொலை இப்போது 103. 420 என்ற மோசடி 318(4). சங்கிலிப் பறிப்புக்கு முன்பு தனிப் பிரிவு கிடையாது, இப்போது 304 இருக்கிறது. எந்தச் சட்டம் என்பதைத் தீர்மானிப்பது சம்பவம் நடந்த தேதி. ஜூன் மாதக் கொலை ஆகஸ்டில் பதிவானாலும் 302-தான். ஆகவே தாமதப் பதிவுகள் இருக்கும்வரை இரண்டு சட்டத்தின் தலைப்புகளிலும் வழக்குகள் வந்துகொண்டிருக்கும். பத்தாண்டுப் போக்கை ஒரே கோடாக வரைய நினைப்பவர்கள் முதலில் பழைய பிரிவுக்கு நேராகப் புதிய பிரிவை எழுதி ஒரு தாள் தயார் செய்துகொள்ளுங்கள். நேர் இல்லாதவற்றுக்கு அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, வரைபடத்தில் 2024-இல் கோட்டை முறித்துவிடுங்கள்.