ரூல் புத்தகம் அப்புறம், முதலில் மேசை

புது நாட்டில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள் ஆனதும், உடன் வேலை செய்பவர் யாராவது "வியாழக்கிழமை சாயங்காலம் டி அண்ட் டி ஆடுறோம், வர்றியா?" என்று கேட்க வாய்ப்புண்டு. டி அண்ட் டி என்பது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்': ஆளுக்கொரு கற்பனை வேடம் (கேரக்டர்) எடுத்துக்கொண்டு, பேசியே கதையை நகர்த்தும் ஆட்டம். செஸ் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துப் போனால், ஜெயிப்பவர் தோற்பவர் என்று அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். நாலைந்து பேர் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மட்டும் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் இருப்பார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். சூழ்நிலையை அவர் சொல்வார். மற்றவர்கள் தங்கள் கேரக்டர் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருளும். அடிப்படை இவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தைப் புத்தகம் படித்துக் கற்றவர்கள் தொடக்கத்திலிருந்தே குறைவு. 1969ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி, 'பிரான்ஸ்டைன்' என்ற போர் விளையாட்டில் சிலருக்குப் படைகளுக்குப் பதிலாகத் தனி மனிதர்களின் வேடத்தைக் கொடுத்தார். அதில் ஆடிய டேவ் ஆர்னெசன் அந்த யோசனையை 'பிளாக்மூர்' என்ற மாய உலகமாக வளர்த்து, 1972ல் விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். இருவர் பெயரிலும் 1974ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது: ஒரு பெட்டி, மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சு 1000 பிரதி. சண்டை விதி வேண்டுமென்றால் 'செயின்மெயில்' என்ற இன்னொரு புத்தகத்தைப் பார் என்றது அது. வாங்கியவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஏற்கெனவே ஆடியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் வண்டி நகரும். அதனால் கல்லூரி கிளப், போர் விளையாட்டுக் குழு, நண்பனின் அண்ணன் என்று ஆள்மாற்றி ஆள் பரவியது. 1983ல் இதே ஆட்டம் சிவப்புப் பெட்டியில் புதிதாக வந்தபோது, அதில் ஒருவர் தனியாகவே ஆடிப் பழக ஒரு சாகசத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் பலர் உள்ளே வந்தது இன்னொருவர் கையைப் பிடித்துத்தான்.

புதிதாக வந்தவர்களுக்கு இது சாதகமான செய்தி. மேசையில் இருக்கும் எல்லோருமே ஒரு காலத்தில் ஒன்றும் தெரியாமல் வந்து உட்கார்ந்தவர்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் 400 பக்கத்துக்கு மேல். முதல் நாளுக்கு முன் அதைப் படித்து முடிக்கப் பார்ப்பவர்கள் பலர் ஆட்டத்துக்கே வருவதில்லை.

மேசை, அதாவது ஆடும் குழு, தேட உள்ளூர் நூலகம், போர்டு கேம் கடை, பல்கலைக்கழக கிளப் மூன்றும் நல்ல இடங்கள். கேட்க வேண்டியவை: ஐந்தாம் பதிப்பில் எந்த விதிகள் (2014ல் வந்தவையா, 2024ல் வந்தவையா)? ஒரே நாளில் முடியும் ஒன்-ஷாட்டா, மாதக்கணக்கில் ஓடும் கேம்பைனா? தயார் செய்த கேரக்டர் கொடுப்பார்களா? முதல் தடவைக்கு ஒன்-ஷாட்டும் தயார் கேரக்டரும் போதும். ஷிப்ட் மாறி மாறி வரும் வேலை என்றால் கேம்பைனில் சேரவே வேண்டாம். குழுக்கள் உடைவது பெரும்பாலும் ஆட்கள் வராததால்தான். டிராகன் கொன்று அல்ல. வாராவாரம் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் திறந்த மேசைகள் அதற்கென்றே இருக்கின்றன. ஒரு செஷன் மூன்று நான்கு மணி நேரம் போகும். கடைசி பஸ்ஸைப் பார்த்து வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்பதை உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

கணக்கு எளிது. ஒரு திருடன் கேரக்டர் காவலாளியைத் தாண்டிப் பதுங்கிப் போகிறான் என்று வையுங்கள். அவனுடைய டெக்ஸ்டெரிட்டி, அதாவது சுறுசுறுப்புக்கான எண், 15. பத்தைக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்கி, பின்னத்தை விட்டுவிட்டால் +2. பதுங்குவதில் பயிற்சி உண்டு, அதற்கு முதல் லெவலில் இன்னொரு +2. டிஎம் வைத்திருக்கும் இலக்கு 15. இருபது முகப் பகடையில் 11 விழுந்தால் கூட்டி 15, தப்பித்தான். இலக்கைத் தொட்டாலே வெற்றி. 10 விழுந்தால் 14, காவலாளி திரும்புகிறான். இந்தக் கூட்டலெல்லாம் கேரக்டரின் விவரம் எழுதிய ஷீட்டில் முன்பே போட்டிருக்கும். புதியவர்கள் தடுமாறுவது பகடையைத் தேடுவதில்தான்: பத்து முகமும் இருபது முகமும் அவசரத்தில் ஒன்றுபோலத் தெரியும். ஒரு செட்டில் ஏழு பகடை. 00, 10, 20 என்று எழுதியது சதவீதத்துக்கு. அதில் 00, கூட உருட்டும் பத்து முகத்தில் 0 என்றால் 100, பூஜ்யம் இல்லை.

உண்மையான சிரமம் பேச்சு. 2015ல் தொடங்கிய 'கிரிட்டிக்கல் ரோல்' மாதிரி நிகழ்ச்சிகளைப் பார்த்தே பலர் இந்த ஆட்டத்தைக் கண்டுகொண்டார்கள். அதில் ஆடுபவர்கள் தொழில்முறைக் குரல் நடிகர்கள். அப்படிக் குரல் மாற்றி நடித்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. "என் ஆள் காவலாளியிடம் வழி கேட்கிறான்" என்று படர்க்கையில் சொன்னாலே போதும். டிஎம் "என்ன செய்கிறாய்?" என்று கேட்டால், எது வேண்டும், அதை எப்படிச் செய்யப் போகிறேன் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். "உள்ளே போகணும், ஜன்னல் தாழ்ப்பாளைக் கத்தியால் நெம்புறேன்" என்பது ஒரு முழுப் பதில். "கதவைப் பார்க்கிறேன்" என்று நிறுத்தினால் டிஎம்முக்கு எதை உருட்டச் சொல்வதென்று தெரியாது, எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள். மற்றவர்கள் வேகமாகப் பேசி ஊர்ப்பெயர், ஆள்பெயர் தவறிப்போனால், எழுதிக் காட்டச் சொல்லலாம். நல்ல டிஎம் தாமாகவே எழுதி நடுவில் வைப்பார். சண்டையில் முறை வைத்து ஆடுவதால், கூட்டப் பேச்சில் இடம் கிடைக்காதவருக்கும் அங்கே இடம் நிச்சயம். உங்கள் முறையில் ஒரு நகர்வு, ஒரு ஆக்‌ஷன். முப்பது அடி நகரலாம் என்றால், கட்டம் போட்ட வரைபடத்தில் ஆறு சதுரம்.

போரிலிருந்து தப்பி வந்தவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எரியும் கிராமம், சோதனைச்சாவடி, காணாமல் போன குடும்பம் எல்லாம் இந்தக் கதைகளில் சர்வசாதாரணம். நீண்ட கேம்பைன்கள் 'செஷன் ஸீரோ' என்று ஒரு முன்கூட்டம் போட்டு எது வரலாம், எது வரக்கூடாது என்று பேசிவிடும். ஒன்-ஷாட்டில் அதற்கு நேரம் இருக்காது. சில மேசைகளில் எக்ஸ் என்று எழுதிய அட்டை நடுவில் இருக்கும். அதைத் தொட்டால் அந்தக் காட்சியை வெட்டிவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. அட்டை இல்லாவிட்டால் டிஎம்மிடம் ஆட்டத்துக்கு முன் தனியாக ஒரு வரி சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கேட்டு முகம் சுளிக்கும் டிஎம் என்றால் வேறு மேசை பாருங்கள்.

பகடை செட்டை மூன்றாவது தடவை போகும்போது வாங்கினால் போதும், அதுவரை யாராவது இரவல் தருவார்கள். இலக்கம் பெரிதாக, பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரியும் செட்டாகப் பாருங்கள். ஜிகினா போட்டவை அழகு, ஆனால் மங்கிய வெளிச்சத்தில் 6 எது, 9 எது என்று தெரியாது.