வீட்டிலிருந்தபடியே டிபி மருந்து சாப்பிட்டு முடித்தேன்

டானிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தும் இருமல் நிற்கவில்லை. அரசு மருத்துவமனைக்குப் போனதும் கையில் சளி டப்பாவைக் கொடுத்துவிட்டார்கள். "காலையில எழுந்ததும், சாப்பிடறதுக்கு முன்னாடி எடுங்க. எச்சில் வேண்டாம்" என்றார் லேப் அக்கா. மொட்டைமாடியில் நின்று, மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்து, அடிநெஞ்சிலிருந்து இருமினால்தான் கெட்டியாக வருகிறது.

சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையில் டிபி, அதாவது காசநோய் என்று உறுதியானது. முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு என் கிருமி கட்டுப்படும் என்பதும் அதிலேயே தெரிந்தது. டிபி நோயாளிகளுக்கான அரசின் இணையப் பதிவேடான நிக்ஷயில் பதிவு செய்து, எடை பார்த்து மாத்திரை தந்தார்கள்: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று. எல்லாம் இலவசம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்று முன்பே சொன்னது நல்லதாகப் போயிற்று.

எனக்கு எரிச்சலாக இருந்தது சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்ததுதான். ஜன்னல் திறக்கிறதா, யார் எங்கே படுப்பது என்று விசாரித்து, அம்மா முதல் அண்ணன் பிள்ளைகள் வரை எல்லாரையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார். தெருவே பார்க்கிறதே என்று எனக்குக் கூச்சம்.

அப்புறம் படுத்துக்கொண்டே படித்ததில் தெரிந்தது, இது நூறாண்டைத் தாண்டிய வழக்கமாம். 1887-ல் எடின்பரோவில் டாக்டர் ராபர்ட் பிலிப் தொடங்கிய காசநோய் சிகிச்சை நிலையம் செய்ததும் இதேதான்: சளியைச் சோதிப்பது, வீடு தேடிப் போவது, வீட்டில் உள்ளவர்களையும் பார்ப்பது. 1912-ல் இங்கிலாந்தில் நுரையீரல் காசநோயாளிகள் எல்லாரைப் பற்றியும் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிப்பது கட்டாயமானது. நிக்ஷய்க்குப் பாட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் அவர்களிடம் இல்லாதது மருந்து. அதனால்தான் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் தங்கி, காற்றும் சாப்பாடும் ஓய்வும். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் தொடங்கியதும் அந்த வகைதான். 'தாம்பரம் சானடோரியம்' என்று ரயில் நிலையத்தின் பெயரில் இன்னும் இருக்கிறது.

மருந்து வந்த பிறகும் சானடோரியப் படுக்கை தேவையா என்று 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு சோதித்துப் பார்த்தது. பாதிப் பேருக்கு சானடோரியம், பாதிப் பேருக்கு நெரிசலான சொந்த வீடு, இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து. குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவுமில்லை. நான் என் கட்டிலிலேயே படுத்திருக்க முடிந்தது இதனால்தான்.

சத்துணவுக்கான மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். பாஸ்புக் நகலை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். மருந்து முடிந்தாலும் 2 வருடத்துக்கு, 6 மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.