அத்தையையும் கணக்குல சேருங்க

சேலத்துல மார்பகப் புற்றுநோய்க்குக் குடும்ப வரலாறு கேட்டா அம்மா, சித்தி, அம்மாயியோட நிறுத்திடுறாங்க. அத்தையும் அப்பாயியும் கணக்குலயே வர்றதில்ல. மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுற பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணு மாற்றம் அப்பாகிட்ட இருந்தாலும் பிள்ளைக்கு வர அதே 50% வாய்ப்புதான். சினைப்பை, கணையம், ஆண்களோட புரோஸ்டேட் புற்றுநோய், வந்த வயசு, எல்லாத்தையும் எழுதுங்க.

மரபணுப் பரிசோதனை முதல்ல நோய் வந்தவருக்கு. அவரோட மாற்றம் எதுன்னு தெரியாம மகளுக்கு 'நெகட்டிவ்' வந்தா அதை நம்பி உட்கார முடியாது. மகளுக்கும் மாற்றம் உறுதியானா 25 வயசுலேர்ந்து வருஷத்துக்கு ஒரு மார்பக எம்ஆர்ஐ ஸ்கேன், 30லேர்ந்து மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே).

தாய்மாமனைக் கட்டுற வீடுகள் (நம்ம பக்கம் குறைவா என்ன?) இன்னும் கவனிக்கணும். கணவன், மனைவி ரெண்டு பேரும் பிஆர்சிஏ2 மாற்றத்தைச் சுமந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் ரெண்டு பக்கமிருந்தும் அது வர 25% வாய்ப்பு. அப்படி வந்தா ஃபேன்கோனி ரத்தசோகை, எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கிற அரிய, கடுமையான நோய்.